பெரட்டு மணிக்கு விழுந்த கோட்டை

புல்டோசர் வருகிறது. ஓடுகிறேன். ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் ரப்பர் பால் வாளி. வாளியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. வீடு இடிபடும்போது காலி வாளியோடு ஓடியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

1994. வியாழக்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடம். மலேசியாவில், மெர்லிமாவிலிருந்து உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். நாலாம் டிவிஷன் லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள். முதலில் எஞ்சின் உறுமியது. பிறகு தகரம் கிழிந்தது. பிறகு பலகை முறிந்தது. துப்பாக்கி வெடிப்பது போல இருந்தது. துப்பாக்கி வெடித்து நான் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் பன்றி சுடப் போனவர் யாரும் பன்றியோடு திரும்பியதில்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

"கெலுவார்! கெலுவார்!"

மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் கத்துகிறான். வெளியே போ என்கிறான். நாங்கள் வெளியில்தான் நிற்கிறோம். இருபத்திரண்டு வீட்டு ஆட்களும். உள்ளே ஒருவர்கூட இல்லை. அதுதான் எங்கள் தோல்வி.

இதைப் போர் என்று சொல்லலாமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் கூரை உங்கள் கண்ணெதிரே மண்ணில் விழட்டும். பிறகு பேசலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். தோட்டம் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அங்கே பூங்கா கட்டப் போகிறார்களாம். உலகத்தில் உள்ள பெரிய பெரிய கோட்டைகளையெல்லாம் சிமெண்டில் சின்னதாகச் செய்து வைப்பார்களாம். சுற்றுலாக்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுப்பார்களாம். கோட்டைக்கு இடம் வேண்டும். அதனால் எங்களுக்கு இடம் கிடையாது. வேலையை நிறுத்தினார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லித் தாள் ஒட்டினார்கள். நாங்கள் மலாக்காவில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். இடிக்கத் தடை கேட்டு வழக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை.

வக்கீலம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "ஆள் இருக்கிற வீட்ட இடிக்கத் துணிய மாட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லா வீட்லயும் ஒருத்தராவது உள்ள இருங்க. எது நடந்தாலும் வெளிய வராதீங்க."

அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு வீரம் வேண்டாம். என்னாலேயே முடியும்.

பதினொரு நாள் உட்கார்ந்தோம். மோட்டார் சைக்கிள்களை வரிசையாகப் படுக்க வைத்து முன்பாதையை அடைத்தோம். மழைத்தண்ணீர் போகிற பெரிய கால்வாய்தான் எங்கள் அகழி. அதில் முதலை இல்லை. ஆண்கள் ஜன்னலில் காவல். பெண்கள் பின்வாசல் வழியாகச் சோற்றுச் சட்டி கைமாற்றினார்கள். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "நீ வாய மூடிக்கிட்டு உள்ள கெடலா, அது போதும்" என்றாள் என் மனைவி சரசு.

எங்கள் தளபதி மாரியாயி அக்கா. ஏழாம் நம்பர் வீடு. முப்பத்தாறு வருஷம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருஷம். சர்க்கரையில் வலது கால் செத்துப்போய் இரண்டு வருஷமாக வாசற்படி தாண்டவில்லை. அதனாலேயே அவரைத் தளபதி ஆக்கினோம். மற்றவர்கள் ஓடிப்போகலாம். அக்காவால் முடியாது.

"டேய் முனியாண்டி," என்று ஜன்னலிலிருந்து கூப்பிடுவார். "புல்டோசர் வந்தா நீதான் மொதல்ல ஓடுவ. எனக்குத் தெரியும்."

"நான் ஓடுனா உங்களத் தூக்கிக்கிட்டுத்தான்க்கா ஓடுவேன்."

"நீ ஒரு பால் வாளியவே ரெண்டு தடவ கீழ வச்சு தூக்குற ஆளு."

லயமே சிரித்தது. அத்தனை நாளும் சிரித்தோம். பயந்தால் இப்படித்தான் சிரிப்பு வரும்.

புதன் கடந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்.

வியாழன், விடிந்தும் விடியாத நேரம். ஐந்து மணி ஐம்பது நிமிடம். டாங். டாங். டாங்.

பெரட்டு மணி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆபீஸ் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்பால் அடித்தால் பெரட்டு. எல்லோரும் வரிசையில் வந்து நிற்க வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். ஆஜர் சொன்னால் வேலை. சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். என் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டே அந்த வரிசையில் நின்றவள்.

இரண்டு மாதமாக அந்த மணி அடிக்கவில்லை. அன்றைக்கு அடித்தது.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கால் எழுந்தது. கை வாளியை எடுத்தது. கண் திறப்பதற்குள் கதவு திறந்திருந்தது. நினைவு வந்தபோது ஆபீஸ் முன்னால் நிற்கிறேன். வரிசையில் முதல் ஆள். என் முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் ஒருநாளும் பெரட்டுக்கு முதலில் வந்ததில்லை. அன்றைக்கு வந்தேன்.

பின்னால் திரும்பினேன். எல்லோரும் வருகிறார்கள். சரசு வருகிறாள், கொண்டை போட்டுக்கொண்டே. யாரோ வெட்டுக்கத்தியைக்கூடக் கொண்டு வந்திருந்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கிறது என்று சிலர் நினைத்தார்களாம். மற்றவர்கள் என்னைப் போல. எதுவும் நினைக்கவில்லை.

கிராணி மேஜைக்குப் பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை. எங்களில் ஒருவர்தான். எங்கள் கோயிலில்தான் அவருக்கும் முதல் மரியாதை. செக்ரோலைத் திறந்தார். வாசித்தார். மெதுவாக வாசித்தார். அப்பா பேரோடு வாசித்தார். இருபது வருஷத்தில் யாருடைய அப்பா பேரையும் அவர் வாசித்ததில்லை.

"ஆஜர்," என்றேன். சத்தமாகச் சொன்னேன். அதுவும் நான்தான்.

எட்டாவது பேரில் சங்கிலிச் சத்தம் கேட்டது. லயத்துப் பக்கம். கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். பதினைந்தாவது பேரில் எஞ்சின் சத்தம். கிராணி நிமிரவில்லை. அடுத்த பேரை வாசித்தார்.

"டேய், வீடு! வீடுடா!"

யார் கத்தியது என்று தெரியாது. ஓடினோம்.

பாதி வழியில் மாரியாயி அக்காவைப் பார்த்தேன். நடந்து வந்திருக்கிறார். சுவரைப் பிடித்து, வேலியைப் பிடித்து, செத்த காலை இழுத்துக்கொண்டு. வரிசையில் நிற்கத் தலைத்துணியும் கட்டியிருக்கிறார். எல்லோரும் அவரைத் தாண்டி ஓடுகிறார்கள். அவர் ஆபீஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"முனியாண்டி, எம் பேர வாசிக்கலையேடா. வுட்டுட்டானா?"

அந்த நேரத்தில் ஏழாம் நம்பர் விழுந்தது.

தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று சொன்னவன் நான். வாளியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்காவைத் தூக்கியது சரசு.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு எஞ்சின் நின்றது. பிறகு சத்தமே இல்லை. ஒரு கோழி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் வழக்கு விசாரணைக்கு வந்தது. தடை போட வீடு எதுவும் மிச்சமில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். சட்டையும் அவர்கள் கொடுத்ததுதான். போர்த்துகீசியச் சிப்பாய் வேஷம். சிவப்புக் காற்சட்டை, இறகு வைத்த தொப்பி. தமிழ்க் கூட்டம் வந்தால் கோட்டைகளைச் சுற்றிக் காட்ட வேண்டும். தொப்பையும் இறகுமாக நான் நின்றதைப் பார்த்திருந்தால் எதிரி சிரித்தே செத்திருப்பான். ஆனால் நான் சும்மா நிற்கவில்லை. காத்திருந்தேன். என்றைக்காவது கிராணி வருவார்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வேன் நிறைய ஆட்கள். மகனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. சிரம்பானிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தொப்பிக்குள் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இந்த எடம் பூரா நம்ம கையிலதான் இருந்துச்சு சம்பந்தி," என்றார். "நான் ஒரு சத்தம் குடுத்தா மொத்த லயமும் வரிசையில வந்து நிக்கும்."

"உண்மைதாங்க," என்றேன். "பாத்திருக்கேன்."

சுற்றிக் காட்டினேன். கான்ஸ்டாண்டிநோபிள். ஆயிரம் வருஷம் நின்ற மதில். யாரோ ஒரு சின்னக் கதவைச் சாத்த மறந்துவிட்டதாக ஒரு கதை உண்டு. பிரான்சில் மலைமேல் ஒரு கோட்டை. எதிரி கக்கூஸ் வழியாக ஏறி உள்ளே வந்தானாம். சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோல்கொண்டா. எட்டு மாதம் முற்றுகை. பீரங்கிக்கு விழவில்லை. உள்ளே இருந்த ஓர் அதிகாரி வாசலைத் திறந்துவிட்டார்.

"காட்டிக் குடுத்தவனுக்கு அப்புறம் என்னாச்சு தம்பி?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தாராம்மா. பதவி கெடச்சுச்சாம். அவர் வீட்ல பொண்ணு குடுத்தாங்களா எடுத்தாங்களான்னு தெரியல."

கிராணி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

கோல்கொண்டாவுக்குப் பின்னால் ஒரு புல்தரை. அங்கே எந்தக் கோட்டையும் இல்லை. அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"இங்க ஒரு கோட்ட இருந்துச்சும்மா. பதினோரு நாளு தாக்குப்பிடிச்சுச்சு. இன்னும் ஒரு நாளு இருந்திருந்தா பொழச்சிருக்கும்."

"போதும்லா முனியாண்டி," என்றார் கிராணி.

"பேரு ஞாபகம் இருக்குங்களா ஐயா. அப்பா பேரும் சேத்துச் சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னீங்களே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மணியை. வரிசையை. சங்கிலியை. மாரியாயி அக்கா கேட்ட கேள்வியை. ஒன்றையும் விடவில்லை. ஒரு நகைச்சுவையும் சேர்க்கவில்லை. என்னால் அது முடியும் என்று எனக்கே தெரியாது.

சம்பந்தி அவர் பக்கம் திரும்பினார். "நீங்களா மணி அடிச்சது?"

"மேலேருந்து சொன்னாங்க. நான் என்ன பண்றது சம்பந்தி. நானும் கூலிக்காரன்தானே."

சம்பந்தியம்மா திரும்பி நடந்தார். வேனில் போய் ஏறிக்கொண்டார். ஏறும்போது அவருக்குக் கை கொடுக்கக் கிராணி ஓடினார். அந்த அம்மா கையைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு காட்சிக்காக நான் இன்னும் மூன்று வருஷம் அந்தச் சிவப்புக் காற்சட்டையைப் போட்டிருப்பேன். மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கல்யாணம் நடந்ததா என்று தெரியாது. நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கெட்ட புத்திதான். மறைக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்து இழப்புக் கணக்கு இது.

வீடுகள், இருபத்திரண்டு. மாரியம்மன் கோயில், ஒன்று. சிலையை மட்டும் எடுக்கவிட்டார்கள். முருங்கை மரங்கள் ஒன்பது. சரசுவின் தையல் மெஷின். என் இடது செருப்பு. நாய்கள் நாலு, அதில் மூன்று திரும்பி வந்து மூன்று நாள் அங்கேயே படுத்திருந்தன. பாயா ரும்புட்டுக்குப் போன குடும்பங்கள் பதினொன்று. கோலா சுங்கை பாருவுக்கு மீன் கூடை தூக்கப் போனவை மூன்று. எங்கே போனார்கள் என்று தெரியாதவை எட்டு.

இறந்தவர்கள், இரண்டு பேர். பத்தொன்பதாம் நம்பர் கோவிந்தன் மாமா, வாடகை வீட்டுக் கழிவறையில் தூக்குப் போட்டுக்கொண்டார். மாரியாயி அக்கா, வீடு விழுந்த இருபத்தாறாவது நாள், தகரக் கொட்டகையில். கடைசிவரை பேர் வாசித்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மன்னித்தவர்கள், ஒருவரும் இல்லை. இருக்கிற இடம் தெரிந்த எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.