ட்ராயின் பெயரில் ஒரு டிக்

எனக்குக் கணினி மேல் பகை எதுவும் இல்லை. ஓய்வாக இருந்தால் அதில்தான் சீட்டாடுவேன். தோற்றால் அதைத் திட்டுவதும் கிடையாது. கிழவனுக்குப் புதுசு பிடிக்கவில்லை, அதனால் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு.

பிராண்டன் ஊரில் பென்னர் கட்டடக் கம்பெனி சின்னதுதான், ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதலாளி காலமான பிறகு அவர் மனைவி எல்வீரா நடத்துகிறார். சைட் பொறுப்பு என்னுடையது. எந்த நாள் கான்கிரீட் போடுவது, எப்போது சென்ட்ரிங்கைப் பிரித்து, தளத்தைத் தாங்கும் முட்டுக்கம்பிகளை எடுப்பது, எல்லாம் என் வாயிலிருந்துதான் வர வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் போன் அடிக்கும். மனைவி முணுமுணுப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

போன இலையுதிர் காலத்தில் எல்வீராவின் மருமகன் ட்ராய் அந்தச் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தான். சைட் கொட்டகையில் ஒரு டேப்லெட். ஆட்கள் அதைப் பலகை என்பார்கள். எல்லா வேலையும் அதில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சிவப்பு என்றால் தொடாதே, பச்சை டிக் விழுந்தால் செய்.

"ஏப், இனிமே சாப்பாட்டு நேரத்துல உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நிம்மதியா சாப்பிடுங்க," என்றான் ட்ராய் என்னிடம்.

ஓரெஸ்ட் சும்மா இருப்பானா? சென்ட்ரிங் வேலையில் கெட்டிக்காரன், வாய் அதைவிட. "தலைவரே, உங்க மண்டைல இருந்ததையெல்லாம் பலகைக்குள்ள ஏத்திட்டாங்களாமே. இனி உள்ள வெறும் காத்துதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரத்தோடு போன் அடிப்பது நின்றது.

ஒவ்வொரு குறிப்பையும் யார் யார் பார்த்தார்கள் என்று பலகை காட்டும். நான் எழுதும் குறிப்புகளை எல்வீரா திரும்பத் திரும்பத் திறந்திருந்தார். எதற்கு? நான் கொட்டகைக்குள் நுழைந்தால் ட்ராய் பேச்சை நிறுத்திவிட்டு எனக்குக் காபி ஊற்றுவான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஒரு விருந்து வைத்து, கையில் கடிகாரத்தைக் கட்டி, ஓய்வு என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லைதான். சொல்லாததால்தான் எனக்கு உறுதியானது.

எங்கள் குளிரில் கையுறையைக் கழற்றி யாரும் பாஸ்வேர்டு அடிக்க மாட்டார்கள். அதனால் ட்ராய் பலகையைத் தன் பெயரிலேயே திறந்து வைத்திருந்தான். ஆட்கள் குனிந்து மூக்கு நுனியால் டிக் போடுவார்கள். யார் மூக்கு பட்டாலும் ட்ராய் போட்டதாகவே பதிவாகும். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

முதியோர் இல்லத்துக்கு மேல்தளம் போட்டிருந்தோம். குளிருக்காகக் கீழே வைத்த ஹீட்டர் அணைந்துபோய்க் கான்கிரீட் இறுகவில்லை. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் மந்தமாக வந்தது. கான்கிரீட்டின் பலம் பார்க்கும் லேப் முடிவும் வரவில்லை. பலகையில் சிவப்பு. கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் அதைப் பச்சையாக்கினேன். பலகையை நம்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கிளென்னை ஏன் வெளியே அனுப்பினேன் என்று விசாரணையில் கேட்டீர்கள். அன்று முட்டுக்கம்பி எடுக்க வேண்டியவர்கள் ஓரெஸ்டும் கிளென்னும். கிளென் என் மனைவியின் தம்பி. ஹீட்டருக்கு காஸ் வாங்கி வா என்று அவனை அனுப்பினேன். காஸ் சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது.

தளம் இடிந்து இறங்கியது. ஓரெஸ்டின் உடலை வெளியே எடுக்க மாலையாகிவிட்டது. நானும் கூட நின்று தோண்டினேன். அவன் மனைவி வேலிக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நின்றாள். என் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன்.

இப்போது பலகை இல்லை. ட்ராய் மேல் வழக்கு. என் போன் மறுபடி அடிக்கிறது. எல்வீராவே என்னைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க விடுவதில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் அறிக்கையில், 'ஓரெஸ்ட் பலகையை நம்பி வேலையில் இறங்கினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஓரெஸ்ட் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அன்று காலை அவன் என்னைத் தேடி வந்தான். "தலைவரே, பச்சை போட்டிருக்கு. அது கெடக்கட்டும். நீங்க தட்டிப் பாத்தீங்களா? நீங்க சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, கண்கூடக் கலங்கியது. ஆனால் ஒருவன் கேட்டால் போதுமா? எல்லோரும் கேட்க வேண்டும்.

"தட்டிப் பாத்துட்டேன். பிரிச்சிடு," என்றேன்.