நாலு வோல்ட் லாரி

ஓட்டி முடித்தவுடன் பாட்டரியைக் கழற்றி வைத்துவிட வேண்டும், சார். பலர் அதைச் செய்வதில்லை. வண்டி நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ரேடியோ சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் ஆட்கள் லாரியை என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோதே சொல்ல நினைத்தேன். கூட்டமாக இருந்தது, சொல்ல முடியவில்லை.

அது முதலில் ஹரோல்டுடையது. ஒர்க் ஷாப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியர். இங்கிலாந்திலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய பொம்மை லாரி. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது என்னிடம் கொடுத்தார். "நீயே வச்சிக்கோ மேன். என்னெவிட நீதான் இதெ நல்லா பாத்துக்கிறே" என்றார். அது உண்மை. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கழிவைக் கொட்டிவைத்திருக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் வெள்ளை மண் பல்சக்கரங்களுக்குள் புகுந்துவிடும். அச்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, திரும்பவும் கிரீஸ் வைப்பேன். டயர் தேய்ந்தபோது சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன்.

கம்பி கிடையாது, ரேடியோவில் ஓடுவது; கையில் பிடிக்கும் பெட்டியில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும், இரண்டு தடவை அழுத்தினால் இடப்பக்கம். எங்கள் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் முதல்முறை ஓட்டிக் காட்டியபோது, தம்மபாலனின் மனைவி சுலோச்சனா லாரிக்கு மேலும் கீழும் கையை வீசி நூல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். தம்மபாலன் சிரித்தான்.

"நம்ம கேஜ் மணி மாதிரி இருக்குதுடா சம்பங்கி. மூணு தடவை அடிச்சா ஆளு ஏறிக்குமா?"

கேஜ் என்பது எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு. மூன்று மணி அடித்தால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே குழந்தைக்கும் தெரியும்.

தம்மபாலன் பூமிக்கடியில் மரம் கட்டுகிற கோஷ்டியில் இருந்தான். பாறை சரியாமல் முட்டுக்கொடுப்பது அவர்கள் வேலை. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். இங்கிலீஷ் லாரியை எங்கள் ஊர் லாரியாக மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை. சுரங்க ஷாஃப்டுக்கு மரம் ஏற்றி வருமே, அந்த லாரி. தகர உடம்பைக் கழற்றிப் போட்டேன். தம்மபாலன் மிச்ச மரத்தில் புது உடம்பு செதுக்கிக் கொடுத்தான். பின்கதவு திறந்து மூடும். குட்டி மரக்கட்டைகள்கூடச் செய்தான்.

"மொதலாளி லாரி வச்சிருக்காரு. ஆனா தண்ணிக் கொடத்தெ சைக்கிள்ல தள்ளிகினு போறாரு" என்பான். நான் கோபித்துக்கொண்டதில்லை.

மர உடம்பு கனம். டார்ச் லைட் பாட்டரிக் கட்டைகளால் அதை இழுக்க முடியவில்லை. பத்தடி போவதற்குள் முனகும். எனக்கு வேலை லாம்ப் ரூமில். சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் தொப்பி விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, பழுது பார்ப்பது. ஒருநாள் விளக்கு பாட்டரி ஒன்றை லாரியில் மாட்டிப் பார்த்தேன். நாலு வோல்ட். செங்கல்லை வைத்தாலும் இழுத்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், சார். மிகவும் நிதானமான சத்தம்.

கிறிஸ்துமஸ் விழாவில், கிளப் மைதானத்தில் லாரியை ஓட்ட ஃபோர்மேன் கொர்னேலியஸ் அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விழா. அந்தப் புல்லில் எங்கள் லைன்காரர்கள் தோட்ட வேலைக்குத்தான் கால் வைத்திருக்கிறார்கள். புது பாட்டரி வேண்டும். புதியவை கொஞ்சம்தான் வந்திருந்தன. எல்லாம் எண் போட்டு ஆட்களுக்குக் கொடுத்தாகிவிட்டது.

யாருடையதை எடுப்பது என்று யோசித்தேன். வேறு யாராவது என்றால் விளக்கு மங்கியதும் ஷிப்டு அதிகாரியான கேப்டனிடம் போய்ப் புகார் சொல்வான். தம்மபாலன் என்னிடம்தான் வருவான். அதுவுமில்லாமல் அவன் தனியாக வேலை செய்கிறவன் அல்ல, சுற்றிலும் மற்றவர்களுடைய விளக்குகள் இருக்கும். வெள்ளிக்கிழமை அவன் விளக்கிலிருந்த புதியதை எடுத்துக்கொண்டு, கழித்துப்போட்ட பழைய பாட்டரியைப் போட்டேன். திங்கட்கிழமை மாற்றிவிடுவதாக இருந்தேன்.

எங்கள் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறங்கும்போது பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவார்கள். ஏறியதும் விளக்கைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்வார்கள். கேஜில் வருகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. முண்டியடித்துக்கொண்டு வருவார்கள், காணாதவன் முன் கேஜில் போய்விட்டான் என்று நினைப்பார்கள். எண்ணுவது லாம்ப் ரூம்தான். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் கீழே இருக்கிறான்.

அன்று ஷிப்டு முடிந்தபோது தம்மபாலனின் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

கேப்டன் ஜன்னலில் தலையை நீட்டினார். "லாம்ப் எல்லாம் வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சு சார்" என்றேன்.

அதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நான் அப்போது நினைத்தது வேறு. தேடினால் ஆளோடு விளக்கும் கிடைக்கும். விளக்கைத் திறந்தால் பழைய பாட்டரி. பிறகு என் அறையைச் சோதிப்பார்கள், லாரி போய்விடும். அவன் எப்படியும் தடவித் தடவி அடுத்த ஷிப்டுக்காரர்களோடு வந்துவிடுவான் என்று நினைத்தேன். டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் சுலோச்சனா ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணா, அவரு ராத்திரி ஊட்டுக்கே வரல. லாம்பு குடுத்தாரா?"

"குடுத்துட்டுதாம்மா போனான். குடியாத்தத்துல அக்கா ஊட்டுக்குப் போறேன்னு ஏதோ சொன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வரட்டும், இருக்குது அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபம்தான் பட்டாள். அழவில்லை. அவளுக்கு ஒருநாள் நிம்மதியாவது கிடைத்தது.

அன்று சாயங்காலம் பைப் ஃபிட்டர் வாசு ஏறி வந்தான். மூடிக் கிடக்கும் பழைய சுரங்க வழிப் பக்கம் காற்றுக் குழாயைப் பழுது பார்க்கப் போயிருக்கிறான். குழாயில் யாரோ தட்டுகிற சத்தம்.

"மூணு மூணா தட்டுதுண்ணா. நிறுத்துது, மறுபடி மூணு."

அந்தப் பக்கம் பாறை வெடித்துப் பலர் செத்த இடம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர்கள் தங்களை மேலே ஏற்றச் சொல்லித் தட்டுவார்களாம். பதிலுக்குத் தட்டக் கூடாது. தட்டினால் அடுத்த கேஜில் நம் இடத்தில் அவர்கள் ஏறிவிடுவார்கள். சூடம் ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

"நீ பதில் தட்டுனியா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நான் இன்னாத்துக்குண்ணா தட்டறேன்? புள்ளெகுட்டிக்காரன்."

"நல்லதா போச்சு. யாருகிட்டயும் சொல்லாதே, ஆளுங்க பயந்துப்பாங்க."

லாம்ப் ரூம் சாமி படத்துக்கு வைத்திருந்த சூடத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசு திரும்ப இறங்கி, ஏற்றி வைத்துவிட்டு வந்தான். அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்ததாம். வெளிச்சத்தைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் தட்டியதாம்.

ஞாயிற்றுக்கிழமை லாரி நன்றாக ஓடியது. கொர்னேலியஸின் மனைவி இசபெல்லா பின்கதவைத் திறந்து குட்டி மரக்கட்டைகளைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். தம்மபாலன் என்று பெயர் சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு விளக்கு குறைகிறது என்று கேப்டனிடம் ஓடினேன். தேடச் சொன்னது நான்தான், சார். இதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிகிற நேரத்தில் தம்மபாலன், விட்டுவிட்டு வந்த ரம்பத்தை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போயிருக்கிறான். விளக்கு அணைந்திருக்கிறது. இருட்டில் வழி மாறிப் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்திருக்கிறது. குழாய் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கிறான். கையில் ஒரு கல். உடம்பில் இன்னும் சூடு இருந்ததாக டாக்டர் சொன்னார்.

வாசு வந்து சொன்ன நிமிடமே அது தம்மபாலன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டது அதைத்தானே. தெரியும். சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தெரியும், மைதானத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தபோதும் தெரியும். சுலோச்சனா அவனைக் குடியாத்தத்தில் நினைத்துக்கொண்டிருந்தாள். வாசு பேய் என்று நினைத்தான். கேப்டனுக்கு நினைப்பே இல்லை. அத்தனை நேரமும் அவன் அங்கே உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். அப்படிப் பார்த்தால், அவன் தனியாகச் சாகவில்லை, சார்.