வலது பக்கம் இரண்டு நிமிடம்

கழுத்து வலி என்றதும் எல்லோரும் முதலில் தலையணையைத்தான் திட்டுகிறார்கள், ஐயா. பாவம், அது என்ன செய்யும்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கழுத்தெலும்புகளின் இடுக்கில் நரம்பு நசுங்கியிருக்கும். கதவிடுக்கில் விரல் மாட்டினால் கதவைத் திறந்துவிடுவோம் அல்லவா? இருபது வருடமாக என் கைகள் அந்த வேலையைத்தான் செய்தன.

என் தங்கை தையல்காரி. குனிந்தே தைத்ததில் அவளுக்கும் அது வந்தது. கழுத்தில் கிளம்பி வலது கட்டைவிரல்வரை சுரீர் என்று இழுக்கும் வலி. அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். வேறு ஊர்த் தையல் பள்ளி ஒன்றில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. கை சரியானால் கிளம்பிவிடுவாள்.

மாலையில் கடைசி நோயாளி போனதும் அவளைப் படுக்கவைப்பேன். தலையை உள்ளங்கைகளில் ஏந்தி, மெதுவாக இழுத்து, வலி இல்லாத இடது பக்கம் சாய்ப்பேன். நரம்புக்கு இடம் கிடைக்கும். அவள் முகம் தெளியும். பதினெட்டு நிமிடம் இப்படி. பிறகு இரண்டு நிமிடம், தலையைப் பின்னால் தாழ்த்தி, வலது பக்கம் சாய்த்து அழுத்துவேன். கதவு மறுபடி மூடிக்கொள்ளும்.

முதலில் வலி கூடும், பிறகுதான் குறையும் என்று எல்லா நோயாளிகளிடமும் சொல்வேன். அவளிடமும் சொன்னேன். நம்பினாள். பள்ளிக்காரர்களிடம் இரண்டு முறை அவகாசம் கேட்டாள்.

ஒரு பயிற்சி வகுப்புக்காக நான் வெளியூர் போன வாரம், அவள் பக்கத்துத் தெருவில் இதே சிகிச்சை செய்யும் ஓர் அம்மாவிடம் போயிருக்கிறாள். நான் திரும்பியபோது பெட்டி தயாராக இருந்தது. ஊசியில் ஒரே மூச்சில் நூல் கோத்துக் காட்டினாள்.

"நாலே நாள்ல சரி பண்ணிட்டாங்கண்ணா. நீ பேசாம உன் போர்டைக் கழட்டிடு."

நானும் சிரித்தேன். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. வலிக்கிற பக்கமே சாய்ச்சு அழுத்தினது யாருன்னு. எங்கண்ணன் அப்படிப் பண்ண மாட்டான்னு சொல்லிட்டேன். நீ பண்ணல, தானே?"

இல்லை என்றேன். ரயில் ஏறுமுன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன், படு என்றேன். ஊசியை நூற்கண்டில் குத்திவைத்தாள். பிறகு படுத்தாள்.

கழுத்து இறுகியிருந்தது. இறுகிய கழுத்தைத் திருப்ப முடியாது. அதனால் அந்தத் தையல் பள்ளியில் அவள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லத் தசை தளர்ந்தது. அப்போது திருப்பினேன், முழு பலத்தோடு, வலது பக்கம்.

நன்றாக நடக்கிறாள். வலது கைதான் தொங்குகிறது. மூன்று மாதமாகப் பித்தான் போட்டுவிடுவதும் தலை வாரிவிடுவதும் நான்தான். ஒருநாளும் நான் முகம் சுளித்ததில்லை.

அந்த அம்மா புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. செய்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். என் சிகிச்சை தோற்றது என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. வலி அடியோடு போய்விட்டது. அந்தக் கையில் இப்போது எதுவுமே தெரியவில்லை என்று அவளே சொல்கிறாள்.