திறக்காத கடைசிக் கதவு

"புது கேம்ல ஹீரோ அம்மாவைத் தேடலடா, செல்வா."

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். தீபாவளி லீவில் கொழும்பிலிருந்து வந்தவன்தான் இதைச் சொன்னான். வெளியே தேயிலை, மரங்கள், தோட்டத்து லய வீடுகள் என்று ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஜன்னலோரம் இருந்த செல்வா திரும்பினான். "பழசுல தேடுனானே?"

"பழசு ஜப்பான் டிஸ்க்குடா. ஒரு வார்த்தை நமக்குப் புரியல. அம்மாவைத் தேடித்தான் எல்லாரையும் வெட்டிக்கிட்டுப் போறான்னு நீதான் சொன்ன. ஒங்கம்மா சவுதிக்கு வேலைக்குப் போனாங்களே, அந்த வருசம்."

"புதுசுல எதுக்கு வெட்டுறானாம்?"

"ராஜாவாகுறதுக்கு. எல்லாம் இங்கிலீசு, தெளிவா சொல்றான். வாள்வீச்சு சும்மா தண்ணி மாதிரி போகுது."

"அம்மா உள்ள இருக்காங்கன்னு நான் சொல்வேனே, நம்மளால தொறக்கவே முடியாத அந்தக் கடைசிக் கதவு?"

"அது இதுல இல்லடா."

செல்வா கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தான். அது உடனே மறுபடி படிந்தது.

"அப்பவே ஏன்டா சொல்லல, என் கதை பொய்னு?"

"நீ கதை சொன்னாத்தானே வெளையாட்டே நல்லாருந்துச்சு."

கொழும்புக்காரன் பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்து நீட்டினான். செல்வா வாங்கவில்லை.

"பழசு இன்னும் ஒன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. கீறல் விழுந்திருக்கு."

"பரவால்ல, அதைப் போடு. அம்மா வெள்ளிக்கிழமை வாராங்க. அதுக்குள்ள அந்தக் கதவைத் தொறந்துரணும்."