மஸ்கட்டிலிருந்து வந்த பெயர்

இலுப்பூரில் என் வீட்டிலிருந்து ஆவூருக்குப் போன் போட்டால் லோக்கல் கால்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த மலிவில் தொடங்கியதுதான் எல்லாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஈமெயில் அனுப்புவார்கள். என் வீட்டுக் கம்ப்யூட்டர் அதை வாங்கி, இங்குள்ள ஃபேக்ஸ் எண்ணுக்குப் போன் போட்டுத் தள்ளிவிடும். உலகம் முழுக்க என்னைப் போல் ஊருக்கு ஒருவர் இதைத் தொண்டாகச் செய்கிறோம். கணக்கு வாத்தியாருக்கு மாலையில் வேறென்ன வேலை?

வருவதை நான் படித்துவிடுவேன். தபால்காரர்தான் படிக்கக் கூடாது. நான் தபால்காரர் இல்லையே.

ஆவூர் ஃபிரெடி மஸ்கட்டிலிருந்து வாராவாரம் மனைவி ஷர்லிக்கு எழுதுவான். ஃபேக்ஸ் அங்குள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போகும். பதில் சொல்ல அவள் பஸ் ஏறி என்னிடம் வருவாள். நான் டைப் செய்து அனுப்புவேன். நல்ல பெண்.

ஆடி மாதம் ஃபிரெடியோடு வேலை பார்த்த சவரிநாதனிடமிருந்து ஷர்லிக்கு ஒரு செய்தி வந்தது. கட்டடத்தில் சாரம் சரிந்து ஃபிரெடி இறந்துவிட்டான். மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உடலை ஊருக்கு அனுப்புவார்கள்.

ஷர்லி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தாங்குவாளா? நிறுத்திவைத்தேன். சவரிநாதனுக்கு ‘சேர்ந்தது’ என்று பதில் போட்டேன். ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததும் அனுப்பியவருக்கு வழக்கமாகப் போடுவதுதான் அது. அவர் மறுபடி மறுபடி கேட்டார். நானும் அதையே போட்டேன். கடைசியில் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

வாரம் தவறினால் அவள் பயந்துவிடுவாள் அல்லவா? ஃபிரெடி பெயரில் நானே எழுதினேன். டைப் எழுத்தில் யார் கை என்று தெரியாது. சம்பளம் வராததற்குக் கம்பெனியில் தகராறு என்று எழுதினேன். அவன் ஒருநாளும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. நான் கேட்டேன்.

“இப்பத்தான் சார் அவரு என்கிட்ட ஆசையாப் பேசுறாரு,” என்றாள் ஷர்லி. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பையன் பிறந்தான்.

சவரிநாதன் லீவில் வந்தவர் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார். போன வாரம் ஃபிரெடி எழுதியது என்று அவள் ஃபேக்ஸைக் காட்டவும், நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். பக்குவமான மனிதர்.

“அந்தப் புள்ளகிட்ட இத யாருய்யா போயிச் சொல்றது?” என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். அதுவரை பொறுங்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று புருஷனைக் கேட்டிருந்தாள். பதில் நேற்றே போய்விட்டது. ஆனந்தராஜ்.

என் பெயர்தான். ஆனால் அது ஃபிரெடி ஆசைப்பட்டு வைத்தது, ஐயா.