பதினாலாம் நம்பர் கடுதாசி

ஆர்வில்: ...அதான் சொல்றேன். அந்தப் பதினாலாம் நம்பர் கடுதாசிய எழுதின ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்...

லொரீன்: ஆரம்பிச்சாச்சு.

இங்கிரிட்: கிடைச்சா என்ன பண்ணுவீங்க, மிஸ்டர் ஹால்வர்சன்?

ஆர்வில்: இந்த கேட்டுலயே கட்டிப் போடுவேன். பனியில நிக்கட்டும்.

இங்கிரிட்: இந்த கேட்டு எங்க வனத்துறைச் சொத்து. அதுல யாரையாவது கட்டணும்னா தனியா மனு போடணும்.

ஆர்வில்: அதுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வா?

இங்கிரிட்: பின்ன? முப்பது நாள் பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டு, வர்ற கடுதாசிக்கெல்லாம் நம்பர் போட்டுட்டுத்தான்.

ஆர்வில்: பாத்தியா லொரீன், இத்தனை வருஷமா இந்த மேடம்கிட்ட மாட்டிக்கிட்டு நான் பட்ட பாட்டை?

லொரீன்: முதல்ல அவங்களப் பூட்டைத் திறக்க விடு. அவங்க சாவியோட நிக்கிறாங்க, நீ வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிற.

இங்கிரிட்: திறந்தாச்சு. இந்தாங்க, இந்தச் சாவி உங்களுக்கு. இன்னிக்கு, செப்டம்பர் ஒண்ணாந்தேதியிலேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் போகலாம். மார்ச் பிறந்தா...

ஆர்வில்: மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் வல்லூறு கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், வண்டி போகக் கூடாது. மனப்பாடம். நூத்திப் பன்னிரண்டு பக்க அறிக்கையப் படிச்சவன் நான்.

லொரீன்: எங்க படிச்ச? சத்தமா வாசிச்சது நான். நீ குறட்டை விட்ட.

ஆர்வில்: கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். சரி, நவம்பர் கடைசியில பனி விழுந்தா இந்த மலையில வண்டி ஏறாது. ஆக மொத்தம் வருஷத்துக்கு மூணு மாசம். காட்டுக்கு நடுவுல இருக்கற எங்க சொந்த நிலத்துக்கு நாங்க போறதுக்கு!

லொரீன்: மூணு மாசம் எனக்கு ஏராளம். வலப்பக்கம் விழுந்து ஆறு வருஷமா மூணு நிமிஷம்கூடக் கிடைக்கல.

ஆர்வில்: ...சரி சரி. ஏறுங்க மேடம். பின்சீட்டுல கேக் டப்பா இருக்கு, மேல உக்காந்துடாதீங்க.

இங்கிரிட்: வாசனையே தூக்குதே. ஹக்கிள்பெர்ரிப் பழம் போட்டதா?

லொரீன்: உங்களுக்குத்தான்.

இங்கிரிட்: ஐயோ லொரீன், மனு போட்டவங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாது. விதி.

லொரீன்: ஒத்தக் கையால சுட்டது. ஒரு பக்கம் நல்லாக் கருகிப் போச்சு. கருகினதுக்கும் விதி உண்டா?

இங்கிரிட்: ...அப்போ மேல போய் மூணு பேருமா சேர்ந்து சாப்பிடலாம். அது விதியில இல்ல.

ஆர்வில்: லொரீன், பெல்ட் சரியா இருக்கா? தோள் அழுத்துதா?

லொரீன்: எல்லாம் சரியா இருக்கு. நீ ஓட்டு.

ஆர்வில்: சக்கர நாற்காலிய ரெண்டு கயிறு போட்டுக் கட்டினேனா?

லொரீன்: மூணு. ஓட்டுன்னா ஓட்டேன்!

ஆர்வில்: ...போறோம். மெதுவாத்தான் போவேன். குலுங்கினா சொல்லு.

லொரீன்: குலுங்கவே இல்லியே. நம்ம கூடம் மாதிரி இருக்கு.

இங்கிரிட்: பழைய ரயில் தடம் இல்லியா? அந்தக் காலத்துல மரக்கட்டை ஏத்தின ரயில் ஏற வேண்டியிருந்ததால ஏத்தமே தெரியாத மாதிரி வெட்டியிருக்காங்க.

ஆர்வில்: நான் கேட்டது நேர் ரோடு. ஒன்றரை மைல். சல்லுன்னு போய் இறங்கியிருக்கலாம். இது மூணேகால் மைல், ஊரைச் சுத்தி வருது.

லொரீன்: அந்த நேர் ரோட்டு ஏத்தத்துல என்னை ஏத்தியிருந்தா, மேல போய் எலும்பை எண்ணித்தான் இறக்கியிருப்ப.

ஆர்வில்: ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருப்போம்ல! எல்லாம் கூடி வந்த நேரத்துல அந்தப் பதினாலாம் நம்பர்... பேரும் போடல, ஊரும் போடல. "இந்த ரோடு போற வழியில வல்லூறு கூடு இருக்கு"ன்னு நாலு வரி. அவ்வளவுதான், எல்லாம் படுத்துடுச்சு.

இங்கிரிட்: நாங்க தேடினப்ப கூடு கண்ணுல படல. அந்தக் கடுதாசி வரலேன்னா மரத்தோட வெட்டித் தள்ளியிருப்போம்.

லொரீன்: அதுக்கப்புறம் எத்தனை சனிக்கிழமை நீங்க தனியா வேற தடம் தேடி இந்தக் காட்டுல திரிஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும் இங்கிரிட். சம்பளம் இல்லாத நாள்.

இங்கிரிட்: அதை யாரு சொன்னது?

ஆர்வில்: உங்க தொப்பிதான். கிழிஞ்ச தொப்பியோட கடைக்கு வந்தீங்களே.

இங்கிரிட்: தாய் வல்லூறு. பின்னாலேருந்து வந்து ஒரே அடி. தலையில மூணு தையல்.

ஆர்வில்: அதுவும் பொதுமக்கள் கருத்துதான். எத்தனாம் நம்பர் போட்டீங்க?

லொரீன்: ஆர்வில்!

ஆர்வில்: எனக்கு ஒண்ணுதான் புரியல. கூடு இருக்கறது முன்னாடியே தெரிஞ்சு, நானே வந்து "தடத்தை மாத்துங்க"ன்னு கேட்டிருந்தா?

இங்கிரிட்: மனு போட்டவரே மாத்தினா பழைய மனு செத்துப் போச்சு. புது மனு. வரிசையில கடைசி ஆளாப் போய் நிக்கணும். இன்னும் அஞ்சாறு வருஷம்.

ஆர்வில்: வெளியாள் சொன்னா?

இங்கிரிட்: அதே மனுவுக்குள்ளயே மாற்றுத் தடம் பாக்கலாம். பள்ளிக்கூடத்துல நடந்த கூட்டத்துல யாரோ இதையேதான் கேட்டாங்க... நீங்கதானே லொரீன்?

லொரீன்: நானா? இருக்கும். கூட்டம்னா ஏதாவது கேக்கணுமேன்னு...

ஆர்வில்: ஆக, நிலத்துக்காரன் சொன்னா காதுல விழாது. முகமே இல்லாதவன் சொன்னா விழும்.

இங்கிரிட்: அரசாங்கம்ங்க. நான் என்ன செய்ய?

லொரீன்: நிறுத்து.

ஆர்வில்: என்ன? என்ன ஆச்சு? மூச்சு வாங்குதா? மாத்திரை என் சட்டைப் பையில...

லொரீன்: ஒண்ணும் இல்ல. எஞ்சினை நிறுத்து.

ஆர்வில்: டிசம்பர்லயும் ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்ன. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்த. மேடம், அந்தத் தண்ணி பாட்டில...

லொரீன்: ஆர்வில்... கேளு.

ஆர்வில்: நிறுத்திட்டேன். என்ன?

லொரீன்: கேக்குதா?

இங்கிரிட்: ம். இந்த வருஷத்துக் குஞ்சு. பறக்கக் கத்துக்கிட்டு இன்னும் அம்மாகிட்ட சோறு கேட்டுக் கத்துது.

லொரீன்: ஆறு வருஷம் ஆச்சு... இந்தச் சத்தத்தைக் கேக்காமலே போயிடுவேனோன்னு நினைச்சேன்.

ஆர்வில்: அழுறியா?

லொரீன்: ஆமா. அழறேன். சந்தோஷமா இருக்கு, அழறேன். இங்கிரிட், நன்றின்னு சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கு. வேற வார்த்தை தெரியல.

இங்கிரிட்: எனக்கு எதுக்கு நன்றி? அந்தக் கடுதாசிக்குச் சொல்லுங்க.

லொரீன்: அதுல எழுதியிருந்த அதே மரந்தானே இன்னும்? ஊத்துலேருந்து அறுபது தப்படி, உச்சி முறிஞ்ச லார்ச் மரம்?

ஆர்வில்: எதுல எழுதியிருந்துச்சு?

லொரீன்: அதான், அறிக்கையில. கடுதாசிய அச்சடிச்சிருந்தாங்களே.

ஆர்வில்: அந்த வரியில கறுப்பு மை பூசியிருந்துச்சு. நூத்திப் பன்னிரண்டு பக்கத்துல நான் முழிச்சிருந்து பாத்தது அந்த ஒரு பக்கம்தான். இல்லியா மேடம்?

இங்கிரிட்: கூடு இருக்கற இடத்தை வெளியில காட்ட மாட்டோம். எப்பவும் மறைச்சுடுவோம்.

ஆர்வில்: லொரீன்? லொரீன் ஹால்வர்சன்?

லொரீன்: சரி. நான்தான். கேட்டுல கட்டிப் போடு.

ஆர்வில்: நீயா!

லொரீன்: சாப்பாட்டு மேஜையில நீ வரைபடத்தை விரிச்சு வச்சிருந்த. உன் சிவப்புக் கோடு நேரா அந்த மரத்து மேலயே போச்சு. இருபது வருஷமா நான் பாத்துக்கிட்டிருந்த கூடு அது. இடது கையால எழுதினேன். நாலு வரிக்கு மூணு நாள் ஆச்சு.

ஆர்வில்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

லொரீன்: சொன்னா நீ மனுவையே கிழிச்சுப் போட்டிருப்ப. எனக்காகக் கேட்ட ரோட்டை எனக்காகவே வேண்டாம்னு சொல்லியிருப்ப. எனக்கு ரோடும் வேணும், அந்தப் பறவையும் வேணும்.

ஆர்வில்: ரெண்டு வருஷம் தள்ளிப் போகும்னு தெரியாதா?

லொரீன்: தெரியும். இங்க வர்ற நாளை நானே தள்ளி வச்சுக்கிட்டேன். டிசம்பர்ல அந்தக் கட்டில்ல படுத்திருந்தப்ப, தப்புப் பண்ணிட்டோமோன்னு பயந்தேன். எனக்காக இல்ல. நீ தனியா இந்த ரோட்டுல வரணுமேன்னு... திட்டு ஆர்வில். மூணு வருஷமாத் திட்டினியே, முகத்தைப் பாத்துத் திட்டு.

ஆர்வில்: ஹஹ்ஹா...

லொரீன்: ஏன் சிரிக்கிற? இங்கிரிட், இவர் ஏன் சிரிக்கிறார்?

இங்கிரிட்: மிஸ்டர் ஹால்வர்சன், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

லொரீன்: என்ன சொல்றது?

இங்கிரிட்: அந்தக் கடுதாசி தபால்ல வரல, லொரீன்.

லொரீன்: தபால்லதான். நானே சக்கரத்தை உருட்டிக்கிட்டுப் போய் வாசல் பெட்டியில போட்டேன். தபால்காரர் எடுக்கறதுக்குச் சிவப்புக் கொடியத் தூக்கி வச்சேன். சாயங்காலம் பாத்தேன், பெட்டி காலி.

இங்கிரிட்: உறையில ஸ்டாம்பே கிடையாது. கருத்து அனுப்பக் கடைசி நாள், ஆபீஸ் மூட பத்து நிமிஷம் இருக்கறப்ப ஒருத்தர் ஓடி வந்தாரு. தொப்பியக் கண்ணு வரைக்கும் இறக்கி விட்டிருந்தாரு. கவுண்டர்ல வச்சுட்டு, "தேதி முத்திரை குத்துங்க, நான் பாக்கணும்"னாரு. குத்தின அப்புறந்தான் போனாரு.

லொரீன்: யாரு?... ஆர்வில்?

ஆர்வில்: கொடியத் தூக்கி வச்சவ ஸ்டாம்ப் ஒட்ட மறந்துட்டியே! தபால்காரர் அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. உறையப் பிரிக்கல லொரீன், சத்தியமா. கோணல் மாணலா வன ஆபீஸ் விலாசத்தைப் பாத்தேன். மூணு நாளா நீ என் முகத்தைப் பாக்காததும் புரிஞ்சுது. நாப்பது மைல் வண்டிய விரட்டினேன். எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தனை நாளும் திட்டினேன். அது நாள் தவறிப் போயிருந்தா, இன்னிக்கு எந்த முகத்தோட உன்னை இந்த ரோட்டுல கூட்டிட்டு வருவேன்?