எலுமிச்சம்பழம் நசுக்கிய பிரஸ்

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க இன்ஸ்பெக்டர் சார். நான் சேலத்துக்காரன், இந்த ஓசூர் குளிர் இன்னும் ஒத்துக்கலை.

ரெண்டாயிரத்து அஞ்சு ஆயுத பூஜைக்கு சூளகிரி ஃபேக்டரியில புது பிரஸ் ஓடணும்னு மேனேஜர் ரத்தினவேல் நாள் குறிச்சிட்டாருங்க. தகடு அமுக்கற மெஷின். உள்ளே கை இருந்தா அது இறங்கக் கூடாது. அந்தக் காவலை ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதற வேலை எனக்கு. பெங்களூர்ல எல்லாரும் ஜாவாதானாம்.

புரோகிராம்ல அப்பன், மகன்னு ரெண்டு கிளாஸ், ரெண்டு பகுதின்னு வெச்சுக்கங்க. அப்பனைக் கேட்டா எப்பவும் 'ஆபத்தில்லை'ன்னு சொல்லும். இடம் நிரப்ப எழுதி வெச்சது. நிஜமா பார்க்கறது மகன்தான். அதே பேருல மகனுக்கு மெத்தட், அதாவது பார்க்கற கட்டளை எழுதினா அப்பனோடது ஒதுங்கி, மகனோடது ஓடும். ஆனா அப்பன் வாங்கறது எல்லா சிக்னலுக்குமான லிஸ்ட். மகனுக்கு நான் குடுத்தது, தகட்டு மேல எது குறுக்கே வந்தாலும் காட்டற லைட் சிக்னல் லிஸ்ட் மட்டும். பேரு ஒண்ணு, வகை வேறன்னு, எழுதினதைச் சரிபாக்கற கம்பைலர் மறிச்சிருச்சு. சாமி வரம் குடுத்தும் பூசாரி குடுக்காத கதைதான். முறையா திருத்தணும்னா அப்பனையும் பிரிச்சு எழுதணும். பூஜையோ மறுநாள்.

மகன் மெத்தட்டுக்கு வேற பேரு வெச்சேன். கம்பைலர் வாயை மூடிக்கிச்சு. இனி ஓடப்போறது அப்பனோடதுதான்னு எனக்குத் தெரியுங்க. பூஜை முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்னு விட்டேன்.

பிரஸ் ஓட்டறதுக்கு உத்தனப்பள்ளிப் பொண்ணு மாதேஸ்வரியைப் போட்டிருந்தாங்க. பூஜையன்னிக்கு அதுதான் தகடு மேல எலுமிச்சம்பழத்தை வெச்சுச்சு. காவல் வேலை செஞ்சிருந்தா பிரஸ் இறங்கியிருக்காது. இறங்குச்சு, பழம் நசுங்குச்சு. நல்ல சகுனம்னு எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன். அத்தனை பேர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலைங்க.

மேனேஜர் என் கையில பொரி குடுத்து, "ஒரு எர்ரர் இல்லாம முடிச்சிட்டியேப்பா"ன்னாரு. டீம் லீடரும் ஆக்கிட்டாரு. அதுக்கப்புறம் போய் எப்படிங்க திருத்தறது, இருக்கற பேரு கெட்டுப்போயிருமில்ல.

தை மாசம் மாதேஸ்வரியோட வலது கை போச்சு.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். "நாந்தான் சார் கவனிக்காம கையை விட்டுட்டனா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, மெஷின் மேல தப்பில்லைன்னேன். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே, "என்னால வேலை நின்னு போச்சே, மன்னிச்சிருங்க சார்"னுச்சு.

மன்னிச்சுட்டேன் சார். நான் யார் மேலயும் வருத்தம் வெச்சுக்கற ஆள் இல்லைங்க.